சித்தேரி வீட்டுக்குள் சினிமாச் சத்தம்

படத்தில் குண்டு வெடித்தால் ஜன்னல் அதிர்கிறது. அடுத்த காட்சியில் அம்மாவும் மகனும் தணிந்த குரலில் பேசினால் ஒரு வார்த்தையும் விளங்குவதில்லை. ரிமோட்டைத் தேடிச் சத்தத்தைக் கூட்டுகிறோம். சண்டை தொடங்கியதும் பதறிப்போய்க் குறைக்கிறோம். சுவரில் ஒட்டுகிற மெல்லிய டிவி வந்த வீடுகளில் இது தினசரி நடக்கிறது. காரணம் எளிது. அந்தத் தகட்டுக்குள் நல்ல ஸ்பீக்கருக்கு இடமில்லை. இருக்கிற சின்னஞ்சிறு ஸ்பீக்கரும் தரையைப் பார்த்தோ, சுவரைப் பார்த்தோ பேசுகிறது. 2006-க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியில்கூட, அந்தப் பெருத்த உடம்புக்குள் ஸ்பீக்கர் மூச்சுவிடக் கொஞ்சம் காற்று இருந்தது.

இதற்குக் கடைகளில் தயாராக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். ஐந்து குட்டிப் பெட்டி, ஒரு சப்-ஊஃபர், நீல விளக்கு மின்னும் முகப்பு, அட்டைப்பெட்டியின் மேல் ஐந்திலக்க வாட்ஸ். பண்டிகைக் காலத்தில் தவணையிலும் தருவார்கள். வாங்கி வைத்த பிறகும் அம்மா பேசுவது விளங்காது. அதே பணத்தில், பேச்சு தெளிவாகக் கேட்கிற, பறைச் சத்தம் நெஞ்சில் வந்து மோதுகிற ஒரு அமைப்பை நாமே கட்டிவிடலாம். ஆனால் பணம் எங்கே போக வேண்டும் என்ற வரிசையை மாற்ற வேண்டும். முதல் செலவு பலகைக்கும் ஸ்பீக்கருக்கும். அடுத்த கவனம் அறைக்கு. வாட்ஸ் கடைசியில் வரட்டும்.

இந்தக் கணக்கைப் பொதுவாகப் போட்டால் பயனில்லை, ஓர் ஊரை மனதில் வைத்துப் போட வேண்டும். நான் எடுத்துக்கொண்டது தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி. அரூர்ப் பக்கம், கிழக்குத் தொடர்ச்சி மலையில், மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் ஊராட்சி. அதைச் சேர்ந்த அரசநத்தம், கலசப்பாடி மக்கள் ஒரு நல்ல சாலைக்காக நெடுங்காலம் குரல் கொடுத்தவர்கள். சென்னைக்காரருக்கு அண்ணா சாலையை விட்டு இறங்கினால் ரிச்சி தெரு. போர்டு புகைந்தால் மாலைக்குள் வேறு வாங்கி மாட்டிவிடுவார். சித்தேரியில் ஒரு கெப்பாசிட்டர் வேண்டுமென்றாலும் அது அரூரிலிருந்தோ, தருமபுரி, சேலத்திலிருந்தோ மலையேறி வர வேண்டும். மழைக்காலத்து ஈரம் ஒருபக்கம், நீண்ட மின்கம்பியின் கடைசி வீட்டில் இறங்கிப்போகும் வோல்டேஜ் இன்னொருபக்கம், சின்ன அறை வேறு. இத்தனைக்கும் ஈடுகொடுக்கும் அமைப்பு தமிழ்நாட்டில் எந்த வீட்டுக்கும் ஈடுகொடுக்கும்.

அறையின் அளவையும் சொல்லிவிடுகிறேன். 2011-ல் தொடங்கிய பசுமை வீடு திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 300 சதுர அடி. 2024-ல் வந்த கலைஞரின் கனவு இல்லத்தில் 360 சதுர அடி. இதற்குள்தான் சமையலும் படுக்கையும். டிவி இருக்கும் முன்னறை பத்துக்குப் பன்னிரண்டு அடி என்று வைத்துக்கொண்டாலே தாராளம்.

நடுவில் இருக்கும் குரல்

தியேட்டரில் பேச்சு ஏன் அவ்வளவு தெளிவாகக் கேட்கிறது? திரைக்குப் பின்னால், நட்டநடுவில், குரலுக்கென்றே ஒரு ஸ்பீக்கர் இருக்கிறது. 1986-ல் 'மாவீரன்' 70 எம்.எம். படமாக வந்தபோது தமிழ் ரசிகர்கள் பல தட ஒலியைக் கேட்டார்கள். 1995-ல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோவைக் கொண்டுவந்தது. 1992-ல் ஹாலிவுட்டில் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' மூலம் அறிமுகமான டால்பி டிஜிட்டல் 5.1 பிறகு உலகத்துக்கே வழக்கமானது. முன்னால் இடம், நடு, வலம். பக்கவாட்டில் இரண்டு. 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உறுமுவதற்கு மட்டும் ஒரு '.1'. இந்த ஆறில் படத்தின் வசனம் ஏறக்குறைய முழுவதும் நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. வெடியும் மழையும் மற்றவற்றில் பரவுகின்றன. டிவி இந்த ஆறையும் தன் இரண்டு சொத்தை ஸ்பீக்கர்களில் திணிக்கும்போது முதலில் அடிபடுவது குரல்.

ஆக, மலிவில் ஹோம் தியேட்டர் கட்டுபவர் முதலில் காப்பாற்ற வேண்டியது குரலை. பின்னால் பறக்கும் ஹெலிகாப்டர் காத்திருக்கட்டும்.

நம் ஊர்களில் 'அசெம்பிள் 5.1' என்று விற்கும் பெட்டிகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவற்றில் பலவற்றுக்குள் டால்பியைப் பிரித்தறியும் சில்லு கிடையாது. டிவியிலிருந்து இரண்டு தடத்தை வாங்கி, 4558 ஐசி வைத்த ஒரு சிறு போர்டில் வடிகட்டி, கொஞ்சத்தை 'சென்டர்' என்றும் கொஞ்சத்தை 'சரவுண்ட்' என்றும் அனுப்புகிறார்கள். எல்லாப் பெட்டியும் பாடும். கோவில் திருவிழாவுக்கு அது போதும். சினிமாவுக்குப் போதாது, ஏனென்றால் குரல் ஆறு பக்கமும் சிதறிவிடுகிறது. கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஆப்டிகல் அல்லது ஹெச்டிஎம்ஐ உள்ளீடு இருக்கிறதா, டால்பி டிஜிட்டலை அதுவே பிரிக்கிறதா? தயங்கினால், அந்தப் பணத்தில் இரண்டே இரண்டு நல்ல ஸ்பீக்கர் கட்டுவது மேல்.

இனி வாட்ஸ். 'பிஎம்பிஓ' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் எந்த எண்ணைப் பார்த்தாலும் நம்ப வேண்டாம். அதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுகோலே இல்லை. பெட்டியைத் திருப்பி, பின்பக்க ஸ்டிக்கரில் எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்று பாருங்கள். 60 வாட் எடுக்கும் கருவி 10,000 வாட் சத்தம் தர வழியில்லை. உண்மையில் நமக்குத் தேவைப்படுவதும் மிகக் குறைவு. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 88 டெசிபல் தருகிற ஸ்பீக்கர் என்று வைத்துக்கொள்வோம். தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். ஆகவே இரண்டு மீட்டரில் 82. வீட்டில் சாதாரணப் பேச்சு 60, 65 டெசிபல். அதாவது வசனத்துக்கு ஒரு வாட்டில் சிறு பங்கு போதும். 16 வாட் கொடுத்தால் 94 டெசிபல், பத்துக்குப் பன்னிரண்டு அறையில் காதைப் பொத்திக்கொள்ள வைக்கும் சத்தம். வாட்ஸை இரட்டித்தாலும் கிடைப்பது வெறும் 3 டெசிபல். நூறு வாட் போர்டுக்கும் இருநூறு வாட் போர்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்.

ஒரு முழுப் பலகை

ஸ்பீக்கரைப் பெட்டி இல்லாமல் கையில் பிடித்து ஓட்டிப் பாருங்கள், பேஸ் என்பதே இருக்காது. கூம்பு முன்னே வரும்போது பின்னால் காற்று உறிஞ்சப்படுகிறது. முன் அலையும் பின் அலையும் விளிம்பில் சந்தித்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. 1925-ல் ரைஸும் கெல்லாக்கும் இன்றைய காயில்-கூம்பு ஸ்பீக்கரை உருவாக்கிய நாளிலிருந்தே இந்தப் பின் அலையை என்ன செய்வது என்பதுதான் பொறியாளர்களின் கவலை. 1954-ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் பெட்டியை முழுக்க மூடி, உள்ளே சிக்கிய காற்றையே ஸ்பிரிங்காக வேலை வாங்கினார். பிறகு ஆஸ்திரேலியாவில் தீலும் ஸ்மாலும் எந்த ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர் பெட்டி வேண்டும் என்பதைக் கணக்காக்கித் தந்தார்கள்.

நம் கடைகளில் கிடைக்கும் மலிவு ஊஃபர்களோடு அந்தத் தீல்-ஸ்மால் எண்கள் வருவதில்லை. எண் இல்லாமல் குழாய் வைத்த பெட்டி செய்தால் அது ஒரே சுருதியில் 'டம் டம்' என்று அடிக்கும். எனவே மூடிய பெட்டியே செய்யுங்கள். அளவில் கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் அது மன்னித்துவிடும். பேஸ் சற்று மெலிந்திருக்கும், ஆனால் குரலை மறைக்காது.

ஆறரை அங்குல ஊஃபருக்கு 15 லிட்டர் நல்ல தொடக்கம். உள்ளளவு 20 செ.மீ. அகலம், 25 ஆழம், 30 உயரம். 18 மி.மீ. பலகையில் வெளியளவு 23.6, 28.6, 33.6 என்று வரும். எட்டு அங்குல சப்-ஊஃபருக்கு உள்ளளவு 32, 35, 36, அதாவது சுமார் 40 லிட்டர். மூன்று சிறு பெட்டியும் ஒரு சப் பெட்டியும் எட்டுக்கு நான்கு அடிப் பிளைவுட் ஒன்றிலேயே அடங்கிவிடுகின்றன. நீளவாக்கில் நாற்பது செ.மீ. பட்டை ஒன்று சப்-ஊஃபருக்கு, மீதி சிறு பெட்டிகளுக்கு. வெட்டுவதற்கு முன் தாளில் வரைந்து, ரம்பம் தின்னும் மூன்று மி.மீட்டரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எம்.டி.எஃப். பலகைதான் நல்லது என்று படித்திருப்பீர்கள். நகரத்துக் காய்ந்த அறைக்கு அது சரி. மலை ஈரத்தில் எம்.டி.எஃப். ஓரம் உப்பிக்கொண்டு ஸ்குரூ பிடிக்காமல் போகும். பிளைவுட்டின் மேல் ஐ.எஸ். 303 முத்திரையும் பி.டபிள்யூ.ஆர். என்ற எழுத்தும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கொதிநீரைத் தாங்கும் பசை போட்டது அது. உள்ளூர் ஆசாரி கட்டில், அலமாரி செய்கிற அதே கையால் இதையும் செய்வார். அவரிடம் வற்புறுத்த வேண்டியது ஒன்று: இணைப்பில் காற்றுக் கசியக் கூடாது. ஆணி மட்டும் போதாது, ஒவ்வொரு இணைப்பிலும் ஃபெவிகால் ஓட வேண்டும், உள்மூலைகளில் சிலிக்கான் இழுக்க வேண்டும். பெட்டியின் எதிரெதிர்ச் சுவர்களை இணைத்து நடுவில் ஒரு கட்டை அடித்தால் பலகை அதிராது. உள்ளே தலையணைக்குப் போடும் பாலியஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்புங்கள். இலவம் பஞ்சு வேண்டாம், காலப்போக்கில் கீழே இறங்கிக் கட்டியாகிவிடும், எளிதில் தீயும் பிடிக்கும்.

ட்வீட்டருக்கு முன்னால் ஒரு 4.7 மைக்ரோஃபாரட் துருவமில்லாக் கெப்பாசிட்டர் அவசியம். 8 ஓம் ட்வீட்டருக்கு அது 4,000 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலிருந்து வழிவிடும், தாழ்ந்த சுருதிகள் போய் அதை எரித்துவிடாமல் தடுக்கும். முறையான கிராஸ்ஓவர் போட்டால் இன்னும் நல்லது. இல்லாவிட்டால் இதுவாவது கட்டாயம் இருக்கட்டும்.

பெட்டியை மூடும் முன் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஊஃபரின் முனைகளில் நொடிநேரம் தொட்டுப் பாருங்கள். பிளஸ்ஸில் பிளஸ் பட்டால் கூம்பு வெளியே வர வேண்டும். உள்ளே போனால் முனை மாறியிருக்கிறது. இரண்டு ஸ்பீக்கரில் ஒன்று மாறியிருந்தாலும் பேஸ் செத்துவிடும், குரல் நடுவில் நிற்காமல் அறையெங்கும் அலையும். 'வாங்கின ஸ்பீக்கர் சரியில்லை' என்று பழிபோடும் வீடுகள் பலவற்றில் குற்றம் இந்த ஒயரில்தான் இருக்கிறது.

ஒயருக்கும் பெரிய செலவு தேவையில்லை. வீட்டு வயரிங்குக்கு இழுக்கும் 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, ஐந்து மீட்டர் போய்த் திரும்பினால் மொத்தத் தடை 0.12 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஆம்ப்ளிஃபயர் விஷயத்தில் நம் மெக்கானிக்குகளுக்கு ஆளுக்கொரு பிரியம் உண்டு. கார் ஸ்டீரியோவிலிருந்து வந்த 4440 ஐசியிலேயே ஒரு தலைமுறை தொழில் கற்றது. அடுத்து வந்தவர்கள் 5200-1943 டிரான்சிஸ்டர் ஜோடியில் கல்யாண மண்டபங்களை அதிர வைத்தார்கள். அவை நல்ல சரக்குதான், ஆனால் கனத்த டிரான்ஸ்பார்மரில் ஓடுபவை. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 170 வந்தால் உள்ளே கிடைக்கும் மின்னழுத்தமும் அதே விகிதத்தில் சரியும், பேஸ் அடிக்கும்போது குரல் பிசிறும். மலைக்கு நான் சொல்வது டிபிஏ3116 சில்லு வைத்த 2.1 போர்டும், 24 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ். சப்ளையும். எஸ்.எம்.பி.எஸ். லேபிளில் 90 முதல் 264 வோல்ட் வரை என்று அச்சிட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். 110-220 என்று ஸ்விட்ச் வைத்தவை லோ வோல்டேஜில் படுத்துவிடும். கிளாஸ்-டி வகை என்பதால் மின்சாரத்தைச் சூடாக்கி வீணடிக்காது, இன்வெர்ட்டரிலும் நெடுநேரம் தாங்கும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு பக்கம் சுமார் 30 வாட் வரும். முன்பு போட்ட கணக்குப்படி அதுவே அதிகம். சப்ளையின் முனைகளில் வீட்டு மின்சாரம் திறந்து நிற்கும். குழந்தைகள் கை எட்டாதபடி மூடிய பெட்டியில், ஃப்யூஸும் எர்த்தும் கொடுத்து வையுங்கள். இடி இடித்தால் பிளக்கைக் கையால் உருவிவிட வேண்டும். ஸ்விட்சை அணைப்பது போதாது. டிஷ் கேபிளையும் கழற்றுங்கள்.

பத்தாயிரம் ரூபாய்க்கு என் பங்கீடு இது: மூன்று ஊஃபர், மூன்று ட்வீட்டர், ஒரு சப்-ஊஃபர் எல்லாமாக நான்காயிரம். பலகையும் ஆசாரி கூலியும் மூவாயிரத்து ஐந்நூறு. போர்டும் சப்ளையும் ஆயிரத்து எண்ணூறு. மீதி ஒயர், கெப்பாசிட்டர், ஸ்குரூ, சிலிக்கானுக்கு. கடைக்குக் கடை விலை மாறும், விகிதம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்பீக்கர் ஓட்டும் போர்டுக்கு மூன்றாவது பெட்டி எதற்கு என்றால், அது பிற்பாடு வரும் நடு ஸ்பீக்கர். ஒரே ஊஃபர், ஒரே பலகை, ஒரே நாளில் செய்தால்தான் மூன்றும் ஒரே குரலில் பேசும்.

பாயில் உட்கார்ந்து கேட்பவருக்கு

1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் இரவு நேரங்களில் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து ஒவ்வொன்றாக அடுக்கி, எதிரொலி எத்தனை விநாடியில் அடங்குகிறது என்று அளந்தார். அங்கே பிறந்ததுதான் இன்றும் எல்லா அரங்குகளுக்கும் போடும் கணக்கு.

அதை நம் அறைக்குப் போட்டுப் பார்த்தேன். பத்துக்குப் பன்னிரண்டு, பத்தடி உயரம், நான்கு பக்கமும் சிமென்ட் பூச்சு, காலி அறை. சத்தம் அடங்கக் கிட்டத்தட்ட மூன்று விநாடி. ஒரு வார்த்தையின் எதிரொலி அடங்குவதற்குள் அடுத்த நான்கு வார்த்தைகள் அதன் மேல் ஏறிக்கொள்ளும். அதே அறையில் நான்கு பேர் உட்கார்ந்து, சுவரோரம் சுருட்டிய மெத்தை, கொடியில் துணி, கம்பளி என்று இருந்தால் ஒரு விநாடிக்குள் இறங்கிவிடுகிறது. செலவு ஒன்றுமில்லை. ஸ்பீக்கருக்கு எதிர்ச்சுவரில் மெத்தையை நிமிர்த்தி வைத்துவிட்டு அதே காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். மெல்லிய ஜமுக்காளம் கீச்சுச் சத்தத்தை மட்டும்தான் உறிஞ்சும், கனமான பஞ்சு மெத்தை குரலின் பகுதிவரை எட்டும். மண்தரையும் கூரையும் கொண்ட பழைய மலைவீட்டில் இந்தத் தொல்லையே பெரிதாக இருந்திருக்காது. கான்கிரீட் வீடு மழைக்கும் தீக்கும் தந்த பாதுகாப்புக்கு, காது கொடுக்கும் விலை இது.

ஸ்பீக்கர் வைக்கும் உயரத்தை எல்லாப் புத்தகங்களும் சோபாவை நினைத்தே எழுதுகின்றன. நாம் பாயில் உட்காருகிறோம். தரையில் உட்கார்ந்தவரின் காது முக்கால் மீட்டருக்கு மேல் அதிகம் போகாது. ட்வீட்டர் அந்த உயரத்தில் இருக்கட்டும். டிவி அலமாரியின் உச்சியில் ஸ்பீக்கரை ஏற்றினால் சத்தம் தலைக்கு மேலே போய்விடும். வேறு வழியே இல்லையென்றால் பின்பக்கம் மரத்துண்டு கொடுத்து முன்னோக்கிச் சாய்த்து வையுங்கள். ஹாலோ பிளாக் கல்லை விட நல்ல ஸ்டாண்ட் நம் ஊரில் இல்லை. இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சம முக்கோணமாக, முகம் உங்களை நோக்கி. டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் வெளியீட்டை 'பிசிஎம்' என்று மாற்றுங்கள். அப்போது டிவியே நடுக்குரலை இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்துத் தரும், நேர்நடுவில் உட்கார்ந்தவருக்குக் குரல் திரையிலிருந்தே வரும்.

சப்-ஊஃபருக்கு இடம் தேடும் முறை குழந்தைகளுக்குப் பிடிக்கும். நீங்கள் உட்காரும் இடத்தில் சப்-ஊஃபரை வையுங்கள். பேஸ் நிறைந்த பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரம் தவழ்ந்து போய்க்கொண்டே கேளுங்கள். எங்கே பேஸ் உறுமாமல் சீராகக் கேட்கிறதோ, அங்கே சப்-ஊஃபரை மாற்றி வையுங்கள். பன்னிரண்டு அடி நீளம் 47 ஹெர்ட்ஸிலும், பத்தடி அகலமும் பத்தடி உயரமும் சேர்ந்து 56 ஹெர்ட்ஸிலும் முழங்கும். எந்தப் போர்டைக் கொண்டும் அதை மாற்ற முடியாது, இடத்தை மாற்றித்தான் தப்ப வேண்டும். லேப்டாப் இருப்பவர்கள் 'ரூம் இக்யூ விசார்ட்' என்ற இலவச மென்பொருளில் இதை வரைபடமாகவே பார்க்கலாம்.

அடுத்த அறுவடைக்குக் கையில் பணம் மிஞ்சினால், பழைய ஏவி ரிசீவர் ஒன்றைத் தேடுங்கள். ஆப்டிகல் உள்ளீடு இருந்தால் போதும், புதிய மாடல் வேண்டியதில்லை. அது டால்பியை உள்ளபடி பிரிக்கும், தயாராக இருக்கும் மூன்றாவது பெட்டி டிவிக்குக் கீழே போகும், பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் குரல் திரையிலிருந்து வரும். டிவியைப் பழையபடி 'பிட்ஸ்ட்ரீம்' அமைப்புக்கு மாற்ற மறக்க வேண்டாம். சரவுண்ட் பெட்டிகளை அதற்கும் பிறகு, உட்காரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் பக்கச்சுவர்களில் மாட்டலாம். அவை சிறியதாக இருந்தால் போதும்.

இரவு பத்து மணிக்கு மேல் சப்-ஊஃபரைக் குறைத்துவிடுங்கள். ஒலி மாசு விதிகள் 2000-ல் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் வகுத்த அளவு 45 டெசிபல். பேஸ் சுவரைத் தாண்டிப் போகும், மலை இரவில் அதை மூடி மறைக்க வேறு சத்தமும் இல்லை.

சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் தயங்க வேண்டாம். திருவிழாவுக்கும் சாவுக்கும் மைக் செட் கட்டுகிற ஆட்கள் அரூர்ப் பக்கத்து ஊர்களில் இல்லாமலில்லை. பிளஸ் மைனஸும், ஓம் கணக்கும், ஹம் எங்கிருந்து வருகிறது என்பதும் அவர்களுக்குக் கைவந்த வித்தை. பெட்டியின் அளவையும் 24 வோல்ட் சப்ளையின் விவரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அவர்கள் கேட்கும் கூலியைக் கொடுங்கள். பத்தாயிரத்தில் அதற்கும் சேர்த்து முதலிலேயே ஒதுக்கிவிட்டு, அந்தப் பணத்துக்காகப் பலகையில் கைவைக்காமல், சப்-ஊஃபரை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடுங்கள். இரண்டு பெட்டியோடு தொடங்கினாலும் அன்றைக்கே வசனம் விளங்கும்.